நேற்றைய பிரட், நேற்றைய சோறு

1801-இல் இங்கிலாந்தில் சுடச்சுட பிரட் விற்பது சட்டப்படி குற்றம். அடுப்பிலிருந்து எடுத்து 24 மணி நேரம் ஆன பிறகுதான் பேக்கரிக்காரர் அதை விற்கலாம். விளைச்சல் பொய்த்துப்போய், பிரான்சோடு போரும் நடந்துகொண்டிருந்த காலம் அது. கோதுமை யானை விலை, குதிரை விலை விற்றது. புது பிரட் என்றால் ஜனங்கள் ஆசைக்கும் சேர்த்துச் சாப்பிடுவார்கள், பழைய பிரட் என்றால் பசிக்கு மட்டும் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அந்தச் சட்டம் ரொம்ப நாள் நிற்கவில்லை. ஆனால் முதல் உலகப்போரின்போது, 1917-இல், அதே யோசனை திரும்பவும் வந்தது. இந்த முறை 12 மணி நேரம்.

ருசி குறைந்த பண்டம் என்றுதான் பழைய பிரட்டை அந்த இரண்டு அரசாங்கங்களும் பார்த்தன. வீட்டில் சமைப்பவர்கள் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு அது தனியொரு சரக்கு. புதிதாகச் சுட்ட பிரட்டிடம் ஆகாத வேலைகள் அதனிடம் ஆகும். வடித்து இறக்கிய சோற்றுக்கும் மறுநாள் சோற்றுக்கும் நடுவில் இருப்பதும் இதே உறவுதான். இத்தாலியின் பான்சனெல்லா, ஸ்பெயினின் தோரிஹாஸ், எகிப்தின் உம் அலி, சீனத்து ஃபிரைடு ரைஸ், கொரியாவின் நூருங்ஜி, நம் வீட்டு இட்லி உப்புமா. இவற்றை வரிசையாக எடுத்துவைத்தால், எல்லாம் இல்லாமையில் பிறந்தவை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இல்லாமை பாதிக் காரணம். மீதிப் பாதி ருசி. சரக்கு பழசானால் மட்டுமே கிடைக்கிற ருசி.

அது எப்படி என்பதை 1852-இல் சோதித்துப் பார்த்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ழான்-பாப்டிஸ்ட் பூஸாங்கோ. ஈரம் போய்க் காய்வதுதான் பிரட் பழசாவது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, அவர் பிரட்டைக் காற்றுப்புகாமல் அடைத்து வைத்தார். ஈரம் வெளியேற வழியே இல்லை. அப்படியும் பிரட் விறைத்தது. விறைத்த பிரட்டைச் சூடாக்கியபோது மறுபடி மிருதுவானது. ஆக, காய்வது ஒரு சங்கதி, பழசாவது இன்னொரு சங்கதி என்பது தெளிவாகிவிட்டது.

நடப்பது இதுதான். வேகும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து ஊதிக் குழைகிறது. ஆறியதும் அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற அதன் இரண்டு வகைச் சங்கிலிகளும் நெருங்கிவந்து, வரிசை கட்டி, இறுகுகின்றன. அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். சுட்ட பிரட் நன்றாக ஆறிய பிறகுதான் ஒழுங்காக அறுக்க வரும் என்பது இதனால்தான். அமைலோபெக்டின் நாள்கணக்கில் மெதுவாக இறுகும். அறுபது, எழுபது டிகிரி சூடு பட்டால் இந்த இரண்டாவது இறுக்கம் தளர்ந்துகொடுக்கும். இந்த இறுக்கம் மிக வேகமாக ஏறுவது ஃபிரிட்ஜின் குளிரில். ஃப்ரீசரில் கிட்டத்தட்ட நின்றே போகும். பிரட் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் மிருது முதல் நாளே போய்விடும். அப்படியே சாப்பிட நினைத்து வாங்கிய பிரட்டை வெளியில் வைத்திருந்து இரண்டு நாளில் தீர்த்துவிடுவது உத்தமம். தீராது என்று தெரிந்தால் ஃப்ரீசரில் போடலாம்.

இறுகிய மாவுச்சத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நனைத்த மாத்திரத்தில் கூழாகாது. வாணலியில் போட்டாலும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாது. உலகம் முழுக்க இத்தனை பண்டங்கள் கிளைத்தது இந்த ஒரு குணத்திலிருந்துதான்.

இத்தாலியில் தஸ்கனி வட்டாரத்து பிரட்டில் உப்பே போடுவதில்லை. பீசா நகரத்தார் உப்புக்கு வரி விதித்ததால் வந்த வழக்கம் என்று ஒரு கதை சொல்வார்கள். அதைப்போல இன்னும் சில கதைகளும் உண்டு. காரணம் எதுவோ, விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும். அது இல்லாத பிரட் பூஞ்சை பிடிப்பதற்கு முன்பே காய்ந்து கல்லாகிவிடும். அந்த வட்டாரத்தின் பேர்பெற்ற வீட்டுப் பண்டங்கள் பலவும் இந்தக் கல்லிலிருந்து கிளம்பியவை.

பான்சனெல்லாவை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு, மூன்று நாளான பிரட்டைப் பெரிய துண்டுகளாகப் பிய்த்து, கரண்டி வினிகர் கலந்த குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். மேல்தோடு இளகும் வரை காத்திருந்து, இரண்டு கைக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிழிகிறார்கள். பண்டத்தின் தலையெழுத்து தீர்மானமாவது இந்த இடத்தில்தான். பழைய பிரட்டாக இருந்தால் தண்ணீர் சொட்டச்சொட்ட வடிந்து, கையில் ஈர உதிரியாக, புட்டு மாவின் பக்குவத்தில் நிற்கும். புது பிரட்டை இதே மாதிரி நனைத்துப் பிழிந்தால் விரலிடுக்கெல்லாம் பிசின். உதிர்த்த பிரட்டோடு மெல்லியதாக அரிந்த சிவப்பு வெங்காயம், வெள்ளரிக்காய், பழுத்த தக்காளி, கிள்ளிப்போட்ட பேசில் இலை, உப்பு, மிளகு, வினிகர், தாராளமாக ஆலிவ் எண்ணெய். பேசில் வேறொன்றுமில்லை, நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். கலந்தவுடன் பரிமாறக் கூடாது. ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டால்தான் தக்காளிச் சாறும் எண்ணெயும் பிரட்டுக்குள் இறங்கும். அடுப்பே பற்றவைக்காத இந்தச் சாப்பாடு இத்தாலியின் கோடைகாலத்துக்கென்றே அமைந்தது.

இன்று தக்காளி இல்லாமல் இதை யாராலும் நினைத்துப்பார்க்க முடியாது. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் நகரத்து ஓவியர் புரொன்சீனோ இந்த மாதிரி ஒரு பண்டத்தைப் புகழ்ந்து பாட்டு எழுதியபோது அதில் வெங்காயமும் வெள்ளரியும் கீரையும்தான் இருந்தன. தக்காளி அப்போதுதான் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்திறங்கியிருந்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு வர இன்னும் வெகுகாலம் ஆனது. சேர்மானம் மாறினாலும் பண்டம் மாறாமல் நின்றதற்குக் காரணம், அடியில் இருந்த அந்தப் பழைய பிரட்.

பக்கத்து அடுப்பில் ரிபொல்லீத்தா. கருப்பு கேல் கீரை, வெள்ளை பீன்ஸ், கேரட், செலரி எல்லாம் போட்ட கெட்டியான சூப்பு. முதல் நாள் அது வெறும் சூப்புதான். மிஞ்சியதை மறுநாள் பழைய பிரட்டின் மேல் ஊற்றி மறுபடி கொதிக்கவைத்த பிறகே அதற்கு அந்தப் பெயர் வருகிறது. கரண்டியை நட்டால் நிற்க வேண்டும், அதுதான் பக்குவம். தக்காளியும் பூண்டும் பிரட்டும் குழையக் குழைய வேகும் பப்பா அல் பொமொதோரோவுக்கோ இத்தாலியக் குழந்தைகளிடம் தனி மவுசு. வாம்பா என்ற புனைபெயரில் எழுதியவரின் குறும்புக்காரப் பையன் நாவல் ஒன்றில் அது இடம்பெற்றது. அந்தக் கதை தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, நடித்த ரீத்தா பவோனே அந்தக் கூழை வாழ்த்தி ஒரு பாட்டே பாடினார். 1965-இல் அது நாடு முழுக்க ஒலித்தது. இசையமைத்தவர், பின்னாளில் 'காட்ஃபாதர்' படத்துக்கு இசையமைத்த நீனோ ரோத்தா.

இதைப் படித்துவிட்டு, கடையில் வாங்கிய சாண்ட்விச் பிரட்டைத் தண்ணீரில் போட்டுப் பிழிந்து ஏமாந்துவிடக் கூடாது. பாக்கெட் பிரட்டில் மோனோகிளிசரைடு போன்ற சேர்மானங்கள் இருக்கும். மாவுச்சத்து இறுகாமல், பிரட் பல நாள் மெத்தென்று இருப்பதற்காகவே அவை சேர்க்கப்படுகின்றன. பூஞ்சை வராமலிருக்க கால்சியம் புரோப்பியோனேட் வேறு. பழசாக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிரட் அது. பேக்கரியில் கிடைக்கும் கெட்டியான லோஃபையோ, சர்க்கரை சேர்க்காத பன்னையோ வாங்கி, துண்டு போட்டு, இரண்டு நாள் திறந்த தட்டில் காயவைப்பது நல்லது. அதற்கும் பொறுமை இல்லையென்றால் துண்டுகளை ஓவனில் குறைந்த சூட்டில் வைத்து உலர்த்தலாம். அப்போது ஈரம் போகும், உள்ளே மாவுச்சத்தின் இறுக்கம் அத்தனை வராது. ஆனாலும் சாலட்டுக்குத் தாங்கும்.

மத்தியதரைக் கடலைச் சுற்றி எந்தக் கரையில் இறங்கினாலும் இதற்கு ஒரு சொந்தக்காரர் அகப்படுவார். ஸ்பெயினின் கோர்தொபாவில் தக்காளி, பூண்டு, பழைய பிரட், ஆலிவ் எண்ணெய், வினிகர் ஐந்தையும் மிக்ஸியில் அடித்தால் சல்மொரேஹோ. பாலாடைக்கட்டி, கிரீம் எதுவும் இல்லாமலே வெண்ணெயாக வழுக்கும். பிரட்டின் மாவுச்சத்து எண்ணெயையும் தக்காளித் தண்ணீரையும் பிரியாமல் கட்டிப்போடுவதுதான் அதன் சூட்சுமம். குளிரவைத்து, மேலே அவித்த முட்டையையும் உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியையும் பொடியாக நறுக்கித் தூவுவார்கள். லெபனான், சிரியா பக்கம் காய்ந்த பீட்டா ரொட்டியைப் பொரித்து நொறுக்கி ஃபத்தூஷ். அதில் போடும் கீரை, நம் ஊர்ப் பருப்புக்கீரையேதான். புளிப்புக்கு எலுமிச்சையோடு சுமாக் என்ற செந்நிறப் பழத்தூள். அட்லாண்டிக்கைத் தாண்டி மெக்ஸிகோவில் நேற்றைய சோளத் தோர்த்தியாவைக் கிழித்துப் பொரித்து, காரமான சல்சாவில் புரட்டினால் சிலாகிலேஸ். அது அங்கே காலைப் பலகாரம்.

சோற்றுக்கு வரலாம். சீன வீடுகளில் முட்டை ஃபிரைடு ரைஸ் எப்போது செய்வார்கள் என்று கேட்டால், சோறு மிஞ்சிய மறுநாள் என்பதே பதில். புதுச் சோற்றின் மேற்பரப்பில் ஈரமும் பசையும் இருக்கும். சுடுகிற இரும்பு வோக்கில் போட்டதும் அந்த ஈரம் ஆவியாகி, சோறு வதங்குவதற்குப் பதில் மறுபடி வேகும். பருக்கைகள் கட்டிகட்டியாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு இரவு குளிர்ந்த சோற்றைக் கையால் தட்டினாலே பருக்கை தனித்தனியாகப் பிரியும். அதை எண்ணெயில் விட்டுப் பெருந்தீயில் புரட்டினால் ஒவ்வொரு பருக்கைக்கும் தனித்தனியாக எண்ணெய்ப் பூச்சு ஏறும். நம் பக்கம் வீட்டில் செய்யும் ஃபிரைடு ரைஸ் சரியாக வராததற்கு அடுப்பின் தீ போதவில்லை என்று காரணம் சொல்வார்கள். தீ ஓரளவுக்குக் காரணம்தான். பெருங்காரணம், அரை மணி நேரத்துக்கு முன் வடித்த சோறு.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். பழைய சோறு என்றால் இரவு முழுக்க அடுப்புமேடையில் கிடந்த சோறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில், ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்திலேயே வாந்தியெடுத்த சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. உணவகங்களில் அவித்த சோற்றைச் சாதாரணச் சூட்டிலேயே நெடுநேரம் போட்டுவைத்ததுதான் காரணம் என்று கண்டறிந்தார்கள். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடே வருகின்றன. சோறு வேகும் கொதியில் அவை சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, பிறகு எவ்வளவு வறுத்தாலும் அழியாது. எனவே வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். இறுக்கத்தை வேகப்படுத்துவதும் அந்தக் குளிர்தான் என்பதால், பத்திரமும் பக்குவமும் ஒரே வேலையில் முடிகின்றன.

தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிடுவது வேறு மார்க்கம். அங்கே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை ஏற்றுகின்றன. தமிழ்நாட்டில் பழைய சோறு, வங்காளத்தில் பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத், ஒடிசாவில் பொகாளா. ஒடிசாக்காரர்கள் மார்ச் 20-ஆம் தேதியைப் பொகாளா தினமாகவே கொண்டாடுகிறார்கள். 2021-இல் ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃப் போட்டியின் இறுதிச் சுற்றில், வங்காளிப் பெற்றோரின் மகளான மெல்போர்ன்காரர் கிஷ்வர் சௌத்ரி நடுவர்கள் முன் வைத்தது இந்தச் சோற்றுத் தண்ணீரைத்தான். புகை மணம் ஏற்றிய பாந்தா பாத், உருளைக்கிழங்கு பர்த்தா, வதக்கிய மத்தி மீன். எந்த உணவகத்தின் பட்டியலிலும் இதைப் பார்க்க முடியாது என்று சொல்லியே பரிமாறினார். கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை, மூன்றாவது இடம்தான். ஆனால் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் வெற்றி பெற்றவரைவிட இவரைப் பற்றித்தான் பேச்சு. பந்திக்கு வரக் கூச்சப்பட்ட பண்டத்தை உலக மேடையில் தலைநிமிர்த்தி வைத்தார் என்று அந்த வீடுகள் பூரித்ததில் நியாயம் இருக்கிறது.

சோறு மிஞ்சினால் மிலான் நகரத்து வீடுகள் இன்னொன்று செய்யும். குங்குமப்பூ போட்டு மஞ்சளாகக் கிண்டிய ரிஸோத்தோ முதல் நாள் குழைவாக, தட்டில் பரவ வேண்டும். மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது அது ஒரே கட்டி. அந்தக் கட்டியை வெண்ணெய் உருகிய இரும்புச் சட்டியில் போட்டு, அடை மாதிரி மெல்லியதாகத் தட்டிவிடுகிறார்கள். நடுத்தரத் தீ. அடிப்பக்கம் பொன்னாக முறுகும் வரை கரண்டியைக் கொண்டு நோண்டவே கூடாது. தட்டைக் கவிழ்த்து மூடி, ஒரே வீச்சில் திருப்பி, மறுபக்கத்தையும் முறுகவிட்டால் ரீஸோ அல் சால்தோ. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெயும் குங்குமப்பூவும் ஊறிய குழைவு. இதற்காகவே வேண்டுமென்று கூடுதலாக ரிஸோத்தோ கிண்டும் வீடுகள் உண்டு என்றால் நம்பலாம்.

ஜப்பானில் மிஞ்சிய சோற்றின் மேல் சூடான பச்சைத் தேநீரை ஊற்றி, உப்பில் ஊறிய உமேபோஷி பழமோ சால்மன் துண்டோ வைத்துச் சாப்பிடும் ஓசாசுகே ரொம்ப எளிமையானது. 1952-இல் நாகதானியென் நிறுவனம் கடற்பாசியும் குட்டிக்குட்டி அரிசிப் பொரியும் அடங்கிய பாக்கெட்டாக அதை விற்கத் தொடங்கியது, இன்றுவரை விற்கிறது. கொரியர்களோ சட்டியின் அடியில் பிடித்த காந்தலைக்கூட விடுவதில்லை. அதுதான் நூருங்ஜி. அப்படியே கடித்துத் தின்னலாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால், சாப்பாடு முடிந்ததும் குடிக்கும் சுங்நியுங். மின்சாரக் குக்கர் வந்ததும் அடிப்பிடிப்பது நின்றுபோனது. இப்போது நூருங்ஜியைத் தொழிற்சாலையில் தட்டி பாக்கெட்டில் விற்கிறார்கள்.

இட்லி உப்புமா இந்தக் கூட்டத்தில் கௌரவமாக உட்காரத் தகுந்தது. நம் வீடுகளில் அதற்குரிய மரியாதை கிடைத்ததில்லை என்பது வருத்தமான விஷயம். சூடான இட்லியை உதிர்க்கப் பார்த்தால் விரலில் அப்பும், களியாகத் திரளும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்த இட்லியை விரல்நுனியால் நசுக்கினால் பொலபொலவென்று உதிரும். உதிர்க்கும்போது ரொம்பப் பொடித்துவிடாமல், நடுவில் கொஞ்சம் பட்டாணி அளவுத் துண்டுகளும் கிடக்கட்டும். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய் தாளித்து, சின்ன வெங்காயத்தை வதக்கி, சிட்டிகை மஞ்சள்தூளும் அளவான உப்பும் போட்டு, அதன்மேல் இட்லியைக் கொட்டிக் குறைந்த தீயில் புரட்ட வேண்டும். தண்ணீர் தெளிப்பது விரல்நுனியால் இரண்டு தடவை, அவ்வளவுதான். சூடு உள்ளே ஏற ஏற, இறுகிய இட்லி மறுபடி பூவாக இளகும். உதிர்ந்த உருவம் மட்டும் உதிரியாகவே நிற்கும். பூஸாங்கோ கண்ணாரக் கண்ட அதே சங்கதி, வாணலியில். இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிந்து, தேங்காய்த் துருவல் தூவினால் போதும். தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம். மீந்த பரோட்டாவைக் கொத்துவதும் இந்த வகைதான். ஆறி விறைத்த பரோட்டாதான் கொத்தும்போது இழுபடாமல் துண்டாகும்.

இந்த அறிவு அதிகமும் வாய்வழியாகவே வந்தது. சமையல் புத்தகங்கள் விருந்துகளை எழுதின, மிச்சத்தை எழுதவில்லை. அதில் அழகான ஒரு விதிவிலக்கு ஒலிந்தோ குவெர்ரீனி. பொலோனியா பல்கலைக்கழக நூலகராக இருந்த கவிஞர். மேசையில் மிஞ்சியவற்றைப் பயன்படுத்தும் கலையை மட்டுமே பேசும் முழுப் புத்தகம் ஒன்றை அவர் எழுதிவைத்திருந்தார். அவர் 1916-இல் காலமான பிறகு, 1918-இல் அது வெளிவந்தது. இறைச்சி மிஞ்சினால் என்ன, மீன் மிஞ்சினால் என்ன, பிரட் மிஞ்சினால் என்ன என்று பகுத்துப் பகுத்து எழுதப்பட்ட நூல் அது. நூறு வருஷம் கழித்து அதே நாட்டில் மஸ்ஸீமோ பொத்தூரா அந்த வேலையைப் பெரிய அளவில் செய்தார். மோதெனா நகரில் மூன்று மிஷ்லின் நட்சத்திரம் பெற்ற உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். 2015-இல் மிலான் உலகக் கண்காட்சி நடந்தபோது, கண்காட்சியில் மிஞ்சிய உணவுப்பொருட்களை எடுத்துவந்து, பூட்டிக் கிடந்த ஒரு பழைய நாடக அரங்கில் வீடற்றவர்களுக்குச் சமைத்துப் பரிமாற ஏற்பாடு செய்தார். உலகத்தின் பேர்பெற்ற சமையல்காரர்கள் பலர் வந்து சமைத்தார்கள். நாள்தோறும் வந்து குவிந்ததில் பழைய பிரட்டுக்குக் குறைவே இல்லை. அந்தச் சமையல்களைத் தொகுத்து 2017-இல் கொண்டுவந்த புத்தகத்துக்கு, பிரட் தங்கம் என்ற பொருளில் பெயர் வைத்தார். சின்ன வயதில் சூடான பாலில் பழைய பிரட்டைப் போட்டுச் சர்க்கரை தூவிச் சாப்பிட்டதே அந்தப் பெயருக்கு வித்து.

மிச்சத்தைக் கையாளும் இந்தக் கலைக்கு இன்றும் வேலை இருக்கிறது. 2022-இல் மட்டும் உலகத்தில் 105 கோடி டன் உணவு குப்பைக்குப் போனதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை கணக்கிடுகிறது. அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. உணவகங்களோ கடைகளோ அல்ல, வீடுகள்.

இனிப்புகளைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு: பழைய பிரட்டின் மிகப் பழைய பண்டங்களில் ஒன்று ஒரு இனிப்புதான். ரோமானியர்களின் அபீசியுஸ் சமையல் தொகுப்பில், தோல் சீவிய வெள்ளை பிரட்டைப் பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் நனைத்து, பொரித்து, மேலே தேன் ஊற்றிப் பரிமாறச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. முட்டை பற்றிப் பேச்சில்லை. பின்னால் முட்டை சேர்ந்துகொண்டது, உலகம் முழுக்கப் பரவியது; நாம் அதை ஃபிரெஞ்சு டோஸ்ட் என்கிறோம். ஸ்பெயினில் இதே பண்டம் தோரிஹாஸ். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மாட்ரிட்டின் வீடுகளிலும் பேக்கரிகளிலும் அதன் மணம்தான். பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் காய்ச்சிய பாலில் இரண்டு விரல் கனத்துக்கு வெட்டிய பழைய பிரட்டை ஊறவைத்து, முட்டையில் முக்கி, ஆலிவ் எண்ணெயில் பொரித்து, சர்க்கரையும் பட்டைத் தூளும் புரட்டுகிறார்கள். பால் முழுதும் உள்ளே இறங்கியும் துண்டு உடையாமல் வாணலிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காக அந்த வாரத்தில் தோரிஹாஸுக்கென்றே கெட்டியான பிரட்டைச் சுட்டு விற்கிறார்கள்.

மெக்ஸிகோவில் அதே தவக்காலத்துக்கு கபிரொத்தாதா. அச்சு வெல்லத்துக்கு உறவான பிலோன்சீயோவைப் பட்டை, கிராம்பு போட்டுப் பாகு காய்ச்சி, வறட்டிய பிரட் துண்டுகளின் மேல் ஊற்றி, திராட்சை, வேர்க்கடலை, கூடவே பாலாடைக்கட்டியும் அடுக்கி ஓவனில் வைப்பார்கள். வெல்லப்பாகோடு உப்புக்கரிக்கும் பாலாடைக்கட்டியா என்று முகம் சுளிக்கத் தோன்றும். ஒரு வாய் சாப்பிட்டால், உப்பு வந்து வெல்லத்தின் திகட்டலை வெட்டுவது புரியும்.

எகிப்தின் உம் அலிக்குப் பின்னால் ஒரு ரத்தக் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவை ஆண்ட அரசி ஷஜர் அத்-துர் தன் கணவர் ஐபக்கைக் கொல்லச் செய்தார். ஐபக்கின் முதல் மனைவி, அலி என்பவனின் தாய், பழிதீர்த்தார். 1257-இல் அரசி கொலையுண்டார். அந்த வெற்றிக்கு அலியின் தாய் ஊருக்கெல்லாம் பங்கிட்ட இனிப்பே இது என்பது கதை. கொலைகள் வரலாறு. இனிப்பை அதோடு முடிச்சுப்போட்டது பிற்காலத்து வாய்மொழியாகத்தான் தோன்றுகிறது. பண்டம் என்னவோ சாந்தமானது: மெல்லிய உலர் ரொட்டியை அல்லது பழைய பேஸ்ட்ரியை நொறுக்கி, திராட்சை, பிஸ்தா, தேங்காய்த் துருவல் தூவி, சர்க்கரை போட்ட கொதிபாலை ஊற்றி, மேலே ஆடை படர்ந்து சிவக்கும் வரை ஓவனில் வைப்பது.

நம் வீட்டில் உடனே செய்து பார்க்கத் தோதானது ஹைதராபாத்தின் டபுள் கா மீட்டா. அங்கே கல்யாண விருந்துகளில் தவறாமல் இடம்பெறும் இது, பாக்கெட் பிரட்டிலேயே நன்றாக வரும். துண்டுகளின் ஓரத்தை வெட்டிவிட்டு, முக்கோணமாக அரிந்து, ஒரு ராத்திரி தட்டில் பரப்பித் திறந்தபடி காயவிட வேண்டும். ஈரம் குறைந்த துண்டு நெய்யில் சீக்கிரம் சிவக்கும், பாகில் விழுந்தாலும் உடையாது. சிவக்கும் விஷயத்தில் தயங்கக் கூடாது. வெளிர் மஞ்சளில் எடுத்தால் ஊறியதும் சொதசொதத்துப் போகும். நல்ல செம்பழுப்பு வர வேண்டும். இன்னொரு பக்கம் ஏலக்காயும் குங்குமப்பூவும் போட்ட சர்க்கரைப் பாகு, கம்பிப் பதம் வருவதற்கு முன்பே, விரலில் பிசுபிசுக்கும் நிலையில் இறக்கியது. மூன்றாவது பாத்திரத்தில் பாதியாகச் சுண்டிய பால். பொரித்த துண்டுகளைச் சூடான பாகில் முக்கி எடுத்து அகலமான தட்டில் அடுக்கி, பாலை அதன்மேல் சீராக ஊற்றி, நெய்யில் வறுத்த முந்திரியும் பாதாமும் தூவி, அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். வெதுவெதுப்பாகவும் சாப்பிடலாம், குளிரவைத்தும் சாப்பிடலாம். மிஞ்சினால் மறுநாள் இன்னும் ஊறி, இன்னும் நன்றாக இருக்கும்.